லமினேற் பண்ணிய கடிதம்

இப்போதெல்லாம் பாரிஸ் லா சப்பலில் இருபது வயதுப் பெடியள் என்னை 'அன்ரி' என்று கூப்பிடுகிறார்கள். முதல் தடவை பின்னால் யாரோ நிற்கிறார்களாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன். முப்பதைத் தாண்டி, காதோரம் நாலு நரையும் வந்துவிட்டால் இந்தத் தெருவில் அன்ரிதான், அதற்கு மேல்முறையீடு கிடையாது. வயது போனவள் என்று ஆகிவிட்டது, இனிப் பழங்கதை சொல்லலாம். என்னோடு இங்கேயும் பொண்டியிலும் ஆர்ஜொந்தெயிலும் வளர்ந்து, தாய் தகப்பனோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, பிரெஞ்சைத் தமிழாக்கியும் தமிழைப் பிரெஞ்சாக்கியும் நாக்கு வறண்டுபோன ஆட்களுக்கு இது விளங்கும்.

இரண்டாயிரத்து ஒன்பது, இலையுதிர்காலம். ஊரில் யுத்தம் முடிந்த வருடம். வீட்டில் பெரியவர்கள் அதிகம் பேசவில்லை. ரீவி பேசியது, சில நேரம் ரெலிபோன் பேசியது. அப்பா ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் வேலை செய்தார். வந்து சாப்பிட்டுவிட்டு ஜன்னலருகில் இருப்பார். எனக்குப் பதின்மூன்று வயது. பேச்சில்லாத வீட்டில் ஒரு பிள்ளை தனக்கென்று ஏதாவது வேலை தேடிக்கொள்ளும். எனக்குக் கிடைத்த வேலை அமெரிக்க முத்திரை.

எங்கள் கட்டடத்தின் முதலாம் மாடியில் தனியாக இருந்த பிரெஞ்சுக் கிழவர் அந்தக் கோடையில் செத்துப்போனார். படியில் கண்டால் 'பொன்ஜூர்', அவ்வளவுதான் எங்களுக்குள் உறவு. செப்டெம்பரில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வந்து, நிலத்துக்குக் கீழே இருந்த அவருடைய சாமான் அறையைக் காலி பண்ணினார். கட்டடம் பார்க்கும் போர்த்துக்கீச மனுசி ஒரு மட்டைப்பெட்டியைக் குப்பைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனா. மேலே ஒரு முத்திரை ஆல்பம் தெரிந்தது. எடுக்கலாமா என்று கேட்டேன். "எடு, ஆனால் திருப்பிக் கொண்டுவந்து தராதே" என்றா.

அம்மா வாசலிலேயே மறித்துவிட்டா.

"செத்த மனுசன்ர சாமானை என்னத்துக்குப் பிள்ளை வீட்டுக்குள்ள கொண்டு வாறாய்?"

"கடதாசி தானே அம்மா."

"கடதாசியெண்டால் பிறகென்ன?"

கடைசியில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கொண்டுவரலாம் என்று தீர்ப்பாயிற்று. அம்மா தெளிக்க, தண்ணீர் உள்ளே போகாமல் நான் மூடியின் மேல் கவிழ்ந்து கிடந்தேன். என் முதுகு நனைந்தது. பெட்டிக்கு இரண்டு துளிதான்.

ஆல்பத்தில் இருந்த முத்திரைகள் வடிவுதான். ரோசாச் சிவப்பு, வெளிறிய நீலம், மண்ணிறம். ஆனால் இரண்டு நாளில் எனக்கு அலுத்துவிட்டது. அடியில் மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு கட்டு இருந்தது. அதைப் பிரித்த பிறகு ஆல்பத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தொரு உறைகள். எல்லாம் ஆயிரத்து எண்ணூற்று அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து பிரான்ஸுக்கு வந்தவை. முத்திரை ஒட்டினபடியே இருந்தது, அதன்மேல் தபால் கந்தோர்க்காரர் குத்திய சீல்கள். மை தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. மூக்கருகே பிடித்தால் நிலவறை ஈரமும் பழைய பசையும் கொஞ்சம் எலியும் மணத்தன. எனக்கு அந்த மணம் பிடிக்கும் என்று சொன்னால் அம்மா என்னையும் மஞ்சள் தண்ணியில் முக்கியிருப்பா.

பல உறைகளில் ஒரே முத்திரைதான். கறுப்பு நிறம், தாடி வைத்த ஒரு ஜனாதிபதி, பதினைந்து சென்ற். பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் நியூயோர்க் என்று ஒரு சீல். அந்த வட்டத்துக்குள் ஓர் இலக்கமும் இருந்தது. சிலதில் மூன்று, சிலதில் ஆறு, சிலதில் பன்னிரண்டு. திகதி என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் திகதி அதே வட்டத்தில் வேறாக இருந்தது. எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பி, மூன்றை ஒரு வரிசை, ஆறை ஒரு வரிசை, பன்னிரண்டை ஒரு வரிசை என்று வைத்துக் குந்தியிருந்து பார்த்தேன். ஒரு கிழமை பார்த்தேன். கணக்குப் பாடத்தை அப்படிப் பார்த்திருந்தால் இன்றைக்கு வேறு எங்கேயோ இருந்திருப்பேன். ஒற்றை முத்திரை ஒட்டிய எந்த உறையிலும் இலக்கம் பதினைந்தைத் தாண்டவில்லை என்பது மட்டும் பிடிபட்டது.

ஓர் உறை மற்றதுகளைப் போல இல்லை. நியூ ஓர்லியன்ஸிலிருந்து ஒரு மத்மொசெலுக்கு, அதாவது கலியாணமாகாத ஒரு பெண்ணுக்கு, வந்தது. விலாசம், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் இருக்கிற போபூர் சான்-தெனித் தெரு. அம்மா என்னைக் கறிவேப்பிலை வாங்க அனுப்புகிற அதே தெரு. அடுத்த நாளே அந்த இலக்கத்தைத் தேடிப் போனேன். கீழே எங்களுடைய ஆளின் மரக்கறிக் கடை. வாழைப்பூவுக்கும் பலாக்கொட்டைக்கும் நடுவில் நின்று, இங்கே முந்தி ஒரு மத்மொசெல் இருந்தாவாம், தெரியுமா என்று கேட்டேன்.

"எப்ப?"

"நூற்றி நாப்பது வருசத்துக்கு முதல்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் கடை எடுத்து ஏழு வருசம் பிள்ளை. அதுக்கு முதல் இருந்தவன் சப்பாத்துக்கடைக்காரன்" என்றார். பிறகு ஒரு கட்டு கறிவேப்பிலையைக் கையில் தந்து அனுப்பிவிட்டார். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அந்த உறையில் இன்னொரு விசேஷம் இருந்தது. அதை யாரும் திறந்திருக்கவில்லை. மற்ற உறைகள் எல்லாம் மேல் விளிம்பில் கத்தியால் கீறப்பட்டிருந்தன. இது நாலு பக்கமும் ஒட்டினபடி. உள்ளே கடிதம் இருந்தது, விரலுக்குத் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு நிழலாகத் தெரியும். பிரெஞ்சுக் கையெழுத்து. 'கப்பல்' என்கிற ஒரு சொல்லை மட்டும் வாசித்துவிட்டேன். மிச்சம் என்ன? யார் எழுதியது? அவ ஏன் திறக்கவில்லை? கோபமா, அல்லது கடிதம் வந்தபோது அவ அங்கே இல்லையா? பள்ளிக்கூடத்தில் யோசித்தேன், பல் தீட்டும்போது யோசித்தேன். கிழிக்கப் பயமாக இருந்தது.

ஷான்-செலிசேக்குப் பக்கத்தில் மரங்களுக்குக் கீழே ஒரு முத்திரைச் சந்தை இருப்பதைப் பள்ளிக்கூடக் கொம்பியூட்டரில் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு லீவு. கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். பல மாதத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேலை வெட்டி இல்லாத ஓர் இடத்துக்கு மெத்ரோ எடுத்தோம்.

ஒரு மடக்கு மேசையில், விரல் நுனி வெட்டிய கையுறை போட்ட ஒரு பிரெஞ்சு மனுசி பழைய உறைகள் விற்றுக்கொண்டிருந்தா. நான் அவவை முத்திரைக்காரி என்றே நினைவில் வைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடியால் என்னுடைய கட்டை ஒவ்வொன்றாகப் பார்த்தா. இலக்கங்களைப் பற்றிக் கேட்டேன். பதினைந்து சென்ற்றில் எத்தனை சென்ற்றை நியூயோர்க் பிரான்ஸுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த இலக்கம். எந்தக் கப்பலில் வந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். ஒரு கிழமை நிலத்தில் குந்தியிருந்ததன் விடை ஒரு நிமிடத்தில் வந்தது. சந்தோசத்தில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

கடைசியாக அந்தத் திறக்காத உறையைக் கொடுத்தேன். அவ நீண்ட நேரம் பார்த்தா. பிறகு கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டா. இதை நீயாகத் திறக்காதே, ஈரம் படாமல் வை, மடியாமல் வை, இன்னும் இரண்டு கிழமையில் பழைய காகிதம் திருத்துகிற என் சிநேகிதியைக் கூப்பிடுகிறேன், அவ ஆவி காட்டிப் பசையை இளக்கி, ஒரு கீறல் இல்லாமல் திறப்பா, நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக வாசிப்போம் என்று சொன்னா.

"என்ன பிள்ளை சொல்லுறா?" என்று அப்பா கேட்டார்.

"ஈரம் படாமல் வைச்சிருக்கட்டாம். மடியாமல் பாக்கட்டாம். ரெண்டு கிழமையில திரும்பி வரட்டாம்."

நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. மிச்சத்தை விழுங்கிவிட்டேன், அவ்வளவுதான். மொழிபெயர்க்கிற பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தானே. ஐந்து நிமிடம் டொக்டர் பேசுவார், நாங்கள் திரும்பி "குளிசை போடட்டாம்" என்போம். எங்களுக்கு அலுப்பு, அவர்களுக்குச் சாராம்சம் போதும் என்று எங்களுக்கு நாங்களே தீர்மானித்துக்கொண்டோம்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் ஓர் இடப்பெயர்வின்போது மழையில் அவருடைய பிறப்புச் சாட்சிப்பத்திரம் ஊறிக் கூழாகிப் போயிற்று. அது இல்லாமல் அவர் பட்ட பாட்டை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து கையில் கிடைக்கிற முக்கியமான கடதாசி எல்லாவற்றையும் அவர் லா சப்பலில் ஊருக்கு ரெலிபோன் எடுக்கிற கொமினிக்கேசன் கடையில் கொடுத்து லமினேற் பண்ணுவார். கலியாணப் பதிவு, என் தடுப்பூசி அட்டை, நான் ஓட்டப்போட்டியில் மூன்றாவதாக வந்த சான்றிதழ், எல்லாம் பளபளவென்று பிளாஸ்டிக்குக்குள் கிடந்தன. லமினேற் பண்ணின பத்திரம் செல்லாது என்று ஒரு கந்தோரில் சொன்னார்கள். அப்பா ஊரிலிருந்து புதுப் பிரதி எடுப்பித்தார். அதையும் லமினேற் பண்ணினார்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

இரண்டாம் கிழமை சனிக்கிழமை. அப்பா வேலையால் வந்து, "பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டு" என்றார். அந்த வருடம் அவர் விளையாட்டாக ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே நீட்டினேன். கையில் வழுக்கலாக ஒன்று வந்து விழுந்தது. கண்ணைத் திறக்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இனி ஈரமும் படாது, மடியவும் மாட்டுது" என்றார் அப்பா. "தடிப்பெண்டு ரெண்டு தரம் மிசினுக்குள்ள விட்டவங்கள். மூலையளை வட்டமா வெட்டுவிச்சனான், இல்லாட்டி உன்ர கையில குத்தும்."

கறுப்பு முத்திரை பிளாஸ்டிக்குக்குள் புதுச் சப்பாத்து மாதிரி மினுங்கியது. உறையின் ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி. நான் தாங்ஸ் அப்பா என்று சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த நாள் சந்தைக்கு வரமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா விடவில்லை. அந்த மனுசிக்குக் காட்ட வேண்டுமாம். போனோம். அப்பாதான் தன் கையால் மேசையில் வைத்தார். முத்திரைக்காரி பூதக்கண்ணாடியை எடுக்கவேயில்லை. யார் செய்தது என்று என்னிடம் கேட்டா. சூட்டில் உருகின பிளாஸ்டிக் பசை காகிதத்துக்குள் போய்விட்டது, இனி இழுத்தால் கடிதமும் முத்திரையும் சேர்ந்து கிழியும், இதை இனி ஒருவரும் வாசிக்கப் போவதில்லை என்று மெல்லிய குரலில் சொன்னா. சிநேகிதியை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றா.

அப்பா சிரித்தபடி நின்றார். "என்ன சொல்லுறா?"

"நல்ல வடிவா வைச்சிருக்கிறியளாம். இப்பிடி ஒருத்தரும் வைச்சிருந்து தான் காணேல்லையாம்."

இரண்டாவது வசனம் உண்மையாகத்தான் இருந்திருக்கும். அப்பா நெஞ்சை நிமிர்த்தி அவவின் கையைப் பிடித்து "மெர்சி மதாம்" என்றார். அவ என்னைப் பார்த்தா. என்ன நடந்தது என்று அவவுக்கு விளங்கிவிட்டது. ஒருநாள் நீதான் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொன்னா.

"இப்ப என்னவாம்?"

"திரும்பியும் வரட்டாம் அப்பா."

திரும்பி வரும்போது மெத்ரோவில் அப்பா நிறையப் பேசினார். சின்ன வயதில் தானும் முத்திரை சேர்த்ததாகச் சொன்னார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொய் சொன்னது சரி என்றே பட்டது. இரண்டு மூன்று நாள் அப்படியே பட்டது.

புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லை. வீட்டுக்கு வந்தால் என் பெட்டி திறந்து கிடந்தது. ஆல்பம் இருந்தது. உறைக் கட்டைக் காணவில்லை.

"அப்பா கொண்டு போனவர்" என்றா அம்மா. "அந்த வெள்ளைக்கார மனுசி அவ்வளவு புளுகி மெச்சினவவாம். எல்லாத்தையும் செய்துவிடப் போறாராம்."

போட்டிருந்த செருப்போடு ஓடினேன். கொமினிக்கேசன் கடையில் கூட்டம். ரெலிபோன் காட் வாங்க ஒருவர், பக்ஸில் கடதாசி அனுப்ப ஒருவர், கண்ணாடிப் பெட்டிக்குள் யாரோ ஊருக்குக் கத்திக்கொண்டிருந்தார். மேசையில் முப்பது உறைகள். முதலாவது ஏற்கெனவே பிளாஸ்டிக் தாளுக்குள் இருந்தது. மிசினில் சிவப்பு லைட். அது சூடேறிப் பச்சையானால் உள்ளே விடுவார்கள்.

"வேண்டாம் அப்பா."

"ஏன்? வந்திட்டாய் தானே, நில். முடிஞ்சுது."

"வேண்டாம்."

"அந்த மனுசியே நல்லதெண்டு சொன்னவ."

லைட் பச்சையானது. கடைக்காரர் பிளாஸ்டிக் தாளைத் தூக்கி மிசின் வாயில் வைத்தார்.

"அவ அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

கடைக்காரரின் கை நின்றது. அவ்வளவு பேருக்கும் முன்னால், மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவ உண்மையில் என்ன சொன்னா என்பதைச் சொன்னேன். முதல் தடவை போனபோது நான் விழுங்கின பாதியையும் சொன்னேன். ஆவி காட்டித் திறக்க ஆள் வரவிருந்ததை அப்பா அப்போதுதான் முதல் தடவை கேட்டார். பக்ஸ்காரர் தன் கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா பிளாஸ்டிக் தாளை வாங்கி, இரண்டு விரலால் உறையை வெளியே எடுத்தார். கட்டோடு சேர்த்தார். "மன்னிக்கோணும் தம்பி, வேண்டாம்" என்றார். "அதுக்கென்ன அண்ணை" என்றார் கடைக்காரர். கட்டைத் தன் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அப்பா வெளியே வந்தார்.

முத்திரையைப் பற்றி ஏசுவார், கடிதத்தைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். மெத்ரோ பாலத்துக்குக் கீழே வந்தபோது மேலே ரயில் போனது. சத்தம் அடங்கும் மட்டும் அப்பா நின்றார்.

"போன வருசம் அம்மான்ர ஒப்பரேசனுக்கு முதல் அந்த டொக்டர் சொன்னது. அதை நீ முழுக்கச் சொன்னனியோ?"

"ஓம் அப்பா."

"ஒண்டும் விடேல்லை?"

"இல்லை."

அது சத்தியமான உண்மை. அன்றைக்கு நான் பயத்தில் டொக்டரை மூன்று தரம் திருப்பிச் சொல்லவைத்து, சொல்லுக்குச் சொல் சொன்னேன். அப்பா தலையாட்டினார். கொஞ்சத் தூரம் நடந்தார்.

"பிரிஃபெக்சரில, விசாக் கார்ட் அலுவலில?"

"முழுக்கச் சொன்னனான்."

"பள்ளிக்கூடத்தில?"

"அதில மட்டும் கொஞ்சம் மாத்தினனான்."

"அது எனக்குத் தெரியும்" என்றார். ஒரு கணம் சிரிப்பாரோ என்று இருந்தது. சிரிக்கவில்லை.

அந்தக் கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இப்போது வேறு விதமான மருந்துகள் இருக்கின்றனவாம், பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்க்கலாமாம், தப்பினாலும் தப்பும் போனாலும் போகும் என்று அண்மையில் ஒருவர் சொன்னார். இன்னும் முடிவெடுக்கவில்லை. வெயில் நாளில் ஜன்னலில் பிடித்துப் பார்ப்பேன். 'கப்பல்' அப்படியே இருக்கிறது. அதற்கு முந்தின சொல் 'கடைசி' என்று ஒரு வருடம் நினைத்தேன், இப்போது 'அடுத்த' என்று நினைக்கிறேன். நீங்கள் வந்தால் உங்களுக்கும் காட்டுகிறேன், உங்கள் கண் எப்படிச் சொல்கிறது என்று பார்ப்போம்.

ஆனால் அந்தக் காலத்தில் நான் தொலைத்தது கடிதத்தை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை மாதம் அப்பாவின் விசாக் கார்ட் புதுப்பிக்க பிரிஃபெக்சரில் ஒரு தவணை இருந்தது. வழமைபோலப் பள்ளிக்கூடத்துக்கு லீவுக் கடிதம் எழுதி, கோட் போட்டு, பைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றேன். அப்பா சப்பாத்துக் கட்டிவிட்டு வந்தார். என் கையிலிருந்த பைலை மெதுவாக வாங்கினார்.

"நீ பள்ளிக்கூடம் போ பிள்ளை. நான் போட்டு வாறன்."

பின்னேரம் ஆறு மணிக்கு வந்தார். வேலை முடியவில்லை. ஏதோ ஒரு கடதாசி குறைவு, எது என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை, இன்னொரு நாள் போக வேண்டும். அந்த நாள் சம்பளமும் போயிற்று. அம்மா ஏசினா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஒரு மணித்தியாலத்து வேலை என்றா.

அப்பா கையைக் கழுவிக்கொண்டே சொன்னது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது.

"பிழையா விளங்கினாலும் நானே விளங்கிக்கொள்ளுறன்."

எனக்குத் தண்டனை தருகிறார் என்று வெகுகாலம் கோபமாக இருந்தேன். ஒரு சொல் கூட நம்ப முடியாத ஊரில், நம்பின ஒரே வாயும் நழுவிப்போன மனுசன் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் யோசிக்கத் தெரிந்தது. அடுத்த கிழமையே அவர் மாநகரசபை இரவுப் பாடசாலையில் பிரெஞ்சுக்குப் பதிந்தார். குசினி வேலை முடிந்து, கண் சொருகச் சொருகப் போய்வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவும் பழகினார். பிறகு எத்தனையோ வெள்ளைக்காரருக்கு முன்னால் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறோம். விளங்காதபோது அவர் அவர்களிடமே திருப்பிக் கேட்பார். என்னிடம், "என்ன பிள்ளை சொல்லுறா?" என்று அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.